சந்திரமதி மில் வாசலில் உட்கார்ந்தவர்கள்

சந்திரமதி மில்லின் வாசலில் மறியல் இருந்தவர்களைப் போலீஸ் அடித்து விரட்டிய காலையில், அடிபட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், பிடிபட்டவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள், மற்றவர்கள் சந்துகளில் புகுந்து வீடு போய்ச் சேர்ந்தார்கள், ஆனால் அவர்கள் உட்கார்ந்திருந்தது மட்டும் எங்கேயும் போகவில்லை. அது வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. பார்த்தால் வெறும் தரை. நடந்தால் முழங்கால் இடிக்கும். கை நீட்டினால் ஒரு தோள் தட்டுப்படும், அதை ஒட்டி இன்னொரு தோள், அப்படியே இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண் வரைக்கும் வரிசை வரிசையாக, சம்மணமிட்டவர்களும் குத்துக்காலிட்டவர்களும் ஒரு கையைப் பின்னால் ஊன்றிச் சாய்ந்தவர்களுமாக, ஆள் இல்லாமல் ஆளின் இருப்பு மட்டும். மழை பெய்தால்தான் கண்ணுக்குத் தெரிவார்கள். மழை அவர்கள் தலையில் பட்டுத் தெறிக்கும், கழுத்தில் வழியும், மடியில் தேங்கி அந்தரத்தில் நின்று நடுங்கும்.

ஊர் முதலில் பயந்தது, பிறகு பழகிக்கொண்டது. எதையும் பயந்தும் பழகியும் செரித்துவிடுவதில் நம் ஊர்களை மிஞ்ச ஆளில்லை. மறுபடி தடியடி நடத்த வந்த போலீஸ்காரர்கள் வெறுங்காற்றை அடித்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டு திரும்பினார்கள். மேலே ஏற்றிவிடலாம் என்று வந்த பஞ்சு லாரி முன்சக்கரம் யாருடைய முழங்காலிலோ முட்டி நின்றது. டிரைவர் இறங்கிக் கும்பிட்டுவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு போனவர் அப்புறம் அந்தச் சாலைக்கே வரவில்லை. கார்ப்பரேஷன்காரர்கள் தார் போட வந்தபோது அவர்களைச் சுற்றிப் போட்டார்கள். காக்கைகள் அந்தரத்தில் வரிசையாக உட்காரக் கற்றுக்கொண்டன. நாய்கள் ஒன்றுமில்லாததில் முதுகைச் சாய்த்துத் தூங்கின. டவுன் பஸ் கண்டக்டர்கள் "உக்காந்தவங்க ஸ்டாப்" என்று கூவ, இறங்க வேண்டியவர்கள் இறங்கினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பையை மாட்டிவிட்டு விளையாட வாகான தோள்கள் கிடைத்தன. பூக்கார ரங்காத்தாள் யாரையும் கேட்காமல் இரண்டாம் வரிசை ஓரத்தில் கூடையை வைத்துக்கொண்டாள், ஏனென்றால் அங்கே உட்கார்ந்திருந்தது அவள் புருஷன். அன்று உடைந்த விலா சேராமலே அவர் செத்துப்போயிருந்தார், அவர் உட்கார்ந்திருந்தது சாகவில்லை, முதுகு வலித்தால் அதில் சாய்ந்துகொண்டு அவள் பூக் கட்டினாள்.

செவ்வாய்க்கிழமைகளில் யாரோ கற்பூரம் ஏற்றத் தொடங்கியபோது மட்டும் தோழர் ஆறுக்குட்டி வந்து காலால் தள்ளிவிட்டார்.

"இது கோயிலில்ல, மறியல். சாமிகிட்ட நாமதான் கேக்கணும். இவங்க கேக்கறவங்க," என்றார்.

ஆறுக்குட்டிதான் அந்த வேலைநிறுத்தத்தை முன்மொழிந்தவர். மில் தொழிலாளிகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. வாயிற்கூட்டத்தில் கை தூக்கித் தொடங்கியதை வாயிற்கூட்டத்தில் கை தூக்கித்தான் முடிக்க வேண்டும். அதுவும், தொடங்க முன்மொழிந்தவன் எவனோ அவனே வந்து முடிக்கவும் முன்மொழிய வேண்டும். பெரிய தலைவர்கள் ஒரு ஓட்டல் அறையில் முதலாளியோடு உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டுவிட்டு, வாசலுக்கு வந்து சொல்ல முகமில்லாமல் ரயிலேறிப் போய்விட்டார்கள். ஆறுக்குட்டி அப்போது ஜெயிலில் இருந்தார். வெளியே விட்டதும் நேரே வாசலுக்கு வந்தார். மழை பெய்துகொண்டிருந்தது. வரிசை கலையாமல் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசை நடுவில் அவரே உட்கார்ந்திருந்தார், அந்த வயதின் நிமிர்ந்த கழுத்தோடு. உலகத்தில் எல்லாரும் விலைபோனாலும் இவர்கள் போகவில்லை என்று நினைத்தார், நெஞ்சு விம்மியது, ஒப்பந்தம் போட்டாயிற்று என்று அவர்களிடம் சொல்லாமலே வீட்டுக்கு நடந்தார். மில் மூடியது, அவர் சொல்லவில்லை. இயந்திரங்களைப் பழைய இரும்புக்கு எடைபோட்டு எடுத்துப் போனார்கள், சொல்லவில்லை. உட்கார்ந்திருந்தவர்களின் உடல்கள் ஒவ்வொன்றாக வேறு வேறு வீடுகளில் வயதாகிச் செத்தன, அப்போதும் சொல்லவில்லை.

முதலாளியின் பேரன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து மில்லை மியூசியமாக்கினான். வாசலில் உட்கார்ந்தவர்களுக்குப் பக்கத்தில், உழைப்பாளர் நினைவாகத் தொட்டுணரும் சிற்பம் என்று ஒரு பலகை வைத்தான். அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் போகவர மறியல்காரர்களே ஒரு தூணோரம் விட்டிருந்த வழியில் ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஐஸ்கிரீம் தின்றபடி உள்ளே போனார்கள். ஆறுக்குட்டி போகவில்லை. எந்த வழியாகப் போனாலும் மறியலைத் தாண்டுவது தாண்டுவதுதான். அவர் எதிர்ப்பக்கம் நின்று துண்டறிக்கை கொடுத்தார். அவரே எழுதி, அவரே அச்சகத்தில் உட்கார்ந்து பிழை பார்த்து, அவரே கொடுத்தார். வாங்கினவர்கள் அதில் ஐஸ்கிரீம் பட்ட கையைத் துடைத்தார்கள். சண்டை போடக்கூட ஆள் மிச்சமில்லாமல் போவதுதான் கிழத்தனம் என்று அவருக்குப் புரிய வெகுகாலம் ஆனது.

அவருக்கு மிச்சமிருந்தது ஒரே மகள், வெண்மணி. பெங்களூரில் வேலை. உடன் வேலை செய்யும் நிகில் என்ற பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். சாதி கேட்கவில்லை அவர். மந்திரம் ஓத ஐயர் கூடாது, நான்தான் தலைமை தாங்குவேன் என்று மட்டும் சொன்னார். அவளும் அதைத்தான் விரும்பினாள். இடம் பார்க்க விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள்.

"சங்கக் கட்டடத்துல வெச்சுக்கலாம்," என்றார்.

"அங்க செல்போன் ரிப்பேர் கடையிருக்குதுப்பா."

"அது கீழ. மாடியிருக்குதுல்ல?"

"மாடிக்கு ரெண்டு கோஷ்டியும் ஆளுக்கொரு பூட்டுப் போட்டிருக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க. கல்யாணத்தப் பூட்டுக்கு வெளிய நின்னா பண்றது?"

அப்பனும் மகளும் ஆட்டோவில் ஊரைச் சுற்றினார்கள். வாசலில் சிமெண்ட் யானைகள் நின்ற மண்டபத்தில், சமையல்கட்டில் பாத்திரம் கழுவுகிற பொம்பளைகளுக்கு என்ன கூலி கொடுக்கிறீர்கள் என்று ஆறுக்குட்டி கேட்டார். அந்த மாதம் முழுக்க மண்டபம் காலியில்லை என்று மேனேஜருக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. புல்தரையும் நீரூற்றுமாக இருந்த இடத்தில் வாட்ச்மேனுக்கு உட்கார நாற்காலி ஏன் இல்லை என்று கேட்டார். பெரிய ஓட்டலின் படியில் ஒரு கால் வைத்தவர் அண்ணாந்து பெயரைப் பார்த்துவிட்டுக் காலை எடுத்துக்கொண்டார்; ஒப்பந்தம் போட்ட ஓட்டல் அது. ஆட்டோக்காரர் வெண்மணியைக் கண்ணாடியில் பார்த்து, "மேடம், சாருக்குக் கல்யாணமா, உங்களுக்கா?" என்று கேட்டார்.

அவள் சிரிக்கவில்லை. "எனக்கு ஒரு எடம் மனசுல இருக்குதுப்பா," என்றாள். "மில்லு."

 ஆட்டோ பல திருப்பங்கள் திரும்பியது.

"மியூசியத்துல இப்பக் கல்யாணத்துக்கு விடறாங்க. நூல் நூக்கற ரிங் ஃப்ரேம் கொட்டகைய அப்படியே வெச்சிருக்காங்களாம். அம்மா அங்கதான வேல பார்த்துச்சு? நான் உள்ள பார்த்ததேயில்ல. ஸ்கூல்ல டூர் கூட்டிட்டுப் போனப்ப எல்லாப் புள்ளைகளும் உள்ள போச்சு, நான் மட்டும் ரங்காத்தா கூடைகிட்ட நின்னுட்டிருந்தேன். ஏன் நிக்கறேன்னு டீச்சர் கேட்டாங்க. எங்கப்பா ஸ்ட்ரைக்குன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க."

"சிரிக்கறவன் சிரிப்பான்."

"எனக்கு அங்கதான் கல்யாணம் பண்ணணும்ப்பா. அம்மா நின்ன எடத்துல."

மனைவி துளசி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கொட்டகையில் நூல் அறுந்தால் ஓடி ஓடி முடிச்சுப் போட்ட விரல்கள். கடைசிக் காலத்தில் படுக்கை விரிப்பின் ஓரத்தைக்கூட முடிச்சுப் போட்டபடி கிடந்தாள். உள்ளே ஒருதரம் பார்க்க வேண்டும் என்று அவளும் கேட்டிருந்தாள். அவர் சம்மதிக்கவில்லை.

மறுநாள் மியூசியத்தில் கல்யாணங்களைக் கவனிக்கும் ரேஷ்மா என்ற பெண் வாசலுக்கு வந்தாள். தூணோர வழியைக் காட்டி, "இப்பிடி வாங்க அங்கிள்," என்றாள்.

"நான் இங்கயே நிக்கறேன். நீங்க பேசுங்க."

"வெளிய நின்னா என்ன தெரியும்? சரி, இங்கிருந்தே சொல்லிடறேன். ஃபோட்டோவுக்கு இவங்கதான் ஹைலைட். பொண்ணு மாப்பிள்ளை இவங்க மடியில உக்காந்து எடுத்துக்குவாங்க, அந்தரத்துல மெதக்கற மாதிரி வரும். எல்லாரும் அதுக்குன்னே இங்க வராங்க."

"அது மடியில்லம்மா," என்றார் ஆறுக்குட்டி. "அது நஞ்சப்பன். கார்டிங் டிபார்ட்மெண்ட்."

ரேஷ்மா வெண்மணியைப் பார்த்தாள். வெண்மணி, "ஃபோட்டோ வேண்டாங்க, ஹால் மட்டும் போதும்," என்றாள். அவள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை ஆறுக்குட்டி வெயிலில் நின்றார். திரும்பி வந்தபோது அவள் கண்கள் சிவந்திருந்தன.

"நீ உள்ள போயி மாலை மாத்திக்க அம்மிணி. நான் வாசல்ல நிக்கறேன்," என்றார் அன்று மாலை. "மைக்க வெளிய வரைக்கும் இழுத்துரலாம்."

"வாசல்ல நின்னு மைக்குல பேசறதுக்கு எங்கல்யாணம் என்ன கேட் மீட்டிங்காப்பா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நிகில் வீட்டுல பஸ் வெச்சு வர்றாங்க. நம்ம பக்கம் யாரிருக்காங்க, சொல்லுங்க? கட்சி ஆளுங்களோட பேச்சில்ல, சொந்தக்காரங்களோட பேச்சில்ல. இருக்கறது நீங்களும் மாமாவும்தான்."

"எந்த மாமா?"

"எனக்கு இருக்கறது ஒரே மாமா."

துளசியின் தம்பி மருதாசலமும் அந்த மில்லில்தான் வேலை பார்த்தான். மறியலின் நடுவில் ஒருநாள், வீட்டில் குழந்தை பசியில் அழுவது தாங்காமல், தலையைக் குனிந்துகொண்டு தூணோரமாக உள்ளே போனான். போகும்போது ஆறுக்குட்டி மைக்கில் அவன் பெயரைச் சொல்லி, கருங்காலி என்று சொன்னார். மைக் தெருமுனை வரைக்கும் கேட்டது. அந்தச் சொல் அவன் வீட்டு வாசலிலேயே ஒட்டிக்கொண்டது. போஸ்ட்மேன்கூட அதைச் சொல்லித்தான் வீட்டுக்கு வழி கேட்டார். துளசியின் சாவுக்கு வந்தவன் தெருவில் நின்றே அழுதுவிட்டுப் போனான்.

வெண்மணி மாமனைப் போய்ப் பார்த்தாள். வந்து அவன் சொன்னதை அப்படியே சொன்னாள். "வாசல் வரைக்கும் சீரோட வர்றாராம். ஒருக்காத் தாண்டினதுக்கு இத்தன வருசம் பட்டது போதும், அவங்க எந்திரிச்சாத்தான் உள்ள வருவேங்கறாரு. ஆக, ரெண்டு பேரும் வாசல்ல நிப்பீங்க. உள்ள எம்பக்கத்து நாற்காலிய வாடகைக்கு எடுத்து வெறுமையா போட்டு வெக்கணும். நீங்க ஒரு வார்த்த சொன்னா அவங்க எந்திரிப்பாங்கப்பா."

"கோரிக்கை நிறைவேறல."

"கோரிக்கை என்னன்னு சொல்லுங்க, கேப்போம்."

"பஞ்சப்படி. பதிலித் தொழிலாளியை நிரந்தரமாக்கறது. பொம்பளைகளுக்குத் தனிக் கக்கூசு." ஆறுக்குட்டி நிறுத்தினார். நான்காவது ஒன்று இருந்தது. எல்லாவற்றையும்விட முக்கியமானது அதுதான். அதற்காகத்தான் முதலாளி கடைசிவரை இறங்கி வரவில்லை. அவர் யோசித்தார். கேட்டுத் தெரிந்துகொள்ள, தாம் பேச்சறுத்த மருதாசலத்தைத் தவிர, ஊரில் ஒருவரும் உயிரோடு இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மகள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்காமல் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

அடுத்த நாள் ரங்காத்தாளிடம் போய் நின்றார். அவள் புருஷன்மேல் சாய்ந்து சம்பங்கி கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங் தோழரே, புள்ளைக்குக் கல்யாணமாமா. மாலை நம்மகிட்டத்தான?"

"ரங்காத்தா, கோரிக்கையில நாலாவது என்னன்னு உம் புருசன் எப்பவாச்சும் சொல்லியிருக்காரா?"

"அவரு சோத்துல உப்பில்லைன்னாவே சொல்லமாட்டாரு. கோரிக்கையவா சொல்லப்போறாரு." நாரைப் பல்லில் கடித்து அறுத்தாள். "நாலாவது எதுக்குங்? மொத மூணும் குடுத்துட்டாங்ளா?"

 வெயில் காய்ந்தது; வெயிலில் அங்கே ஒருவருமே இல்லை.

"இவங்கள ஒருதரமாச்சும் கேட்டீங்ளா?" என்றாள்.

"என்னன்னு?"

"உக்காந்திருக்கறதுக்கு இஷ்டமான்னு."

"வர்க்க உணர்வோட உக்காந்திருக்கறவங்க இவங்க. கேக்க வேண்டியதில்ல."

"வர்க்கமோ என்னமோ போங். எம்புருசனுக்குக் காலு மரத்துப் போகும், ஒரு எடத்துல குந்தவே மாட்டாரு. சோறு திங்கறப்பவே ரெண்டுதரம் எந்திரிப்பாரு. அந்த மனுசன் எப்பிடித்தான் தாங்கிட்டிருக்குதோன்னு எனக்குச் சாயறப்பல்லாம் தோணும்."

"எந்திரிச்சுட்டா நீ எதுல சாஞ்சுக்குவே?"

அவள் இரண்டு கண்ணி பூ வைத்துக் கட்டினாள். "செவுரு இருக்குதுல்லங்," என்றாள்.

கல்யாணம் ஐப்பசியில் வந்தது. காலையிலிருந்தே மழை. மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸிலிருந்து இறங்கிக் குடைகளோடு தூணோர வழியில் உள்ளே போனார்கள். போகிற போக்கில் குழந்தைகள், மழையில் வெள்ளிக் கம்பியால் வரைந்ததுபோலத் தெரிந்த ஆட்களைத் தொட்டுப் பார்த்தார்கள், பெரியவர்கள் கையைத் தட்டிவிட்டார்கள். எதிரே டீக்கடைத் தாழ்வாரத்தில் மருதாசலம் புதுவேட்டி கட்டிக்கொண்டு, தேங்காய் பழம் சேலை வைத்த தட்டை மழை படாமல் மார்போடு அணைத்து நின்றிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. அவன் ஆறுக்குட்டியைப் பார்க்கவில்லை. ஆறுக்குட்டியும் பார்க்கவில்லை, ஆனால் அவன் செருப்புக்கு ஒரு வார் அறுந்திருப்பதைப் பார்த்தார்.

சோடாப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அவர் மேலே ஏறினார். பேசப் பேச ஏறுகிற குரல் அவருடையது. ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து அவர் பேசி யாரும் கேட்டதில்லை. அன்றைக்கும் நிறைய வைத்திருந்தார். உலகத்தில் நியாயம் இன்னும் செத்துவிடவில்லை என்பதற்கு இந்த வாசலே சாட்சி என்று தொடங்கி, ஓட்டலில் விலைபோனவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லி, இது தோல்வியல்ல, தந்திரமான பின்வாங்கல் என்று விளக்கி, கடைசியில்தான் தீர்மானத்துக்கு வருவதாக இருந்தார். ஆனால் பெட்டிமேல் நின்று "தோழர்களே" என்றதும், மழையில் அத்தனை தலைகளும் அவரை நோக்கி அண்ணாந்தன. அப்படி அண்ணாந்து பார்த்த ஒருவருக்கு முன்னால் அவர் நின்று எவ்வளவு காலமாயிற்று. வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது.

"இந்த வேலைநிறுத்தத்தை விலக்கிக்கொள்ள" என்றார்.

முன்மொழிகிறேன் என்று முடிக்க அவர் வாய் திறப்பதற்குள் கைகள் எழுந்துவிட்டன. பள்ளிக்கூடத்தில் வெகுநேரம் அடக்கிக்கொண்டிருந்துவிட்டு வெளியே போக அனுமதி கேட்கும் பிள்ளைகளைப்போல, ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு, முடிந்தமட்டும் உயரமாக, வரிசை வரிசையாகக் கைகள்; நீட்டிய விரல்களில் மழை உடைந்து தெறித்தது. அவர் பெட்டிமேல் நின்று அந்தக் கைகளைப் பார்த்தார். ஒரு வார்த்தைக்காக இருந்திருக்கிறார்கள். அதைச் சொல்ல வேண்டியவன் பஸ் ஏறி வந்து எதிர்ப்பக்கம் நின்று ஊருக்கெல்லாம் துண்டறிக்கை கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, அவர்கள் தீர்மானமில்லாமல் எழுந்திருக்கக் கூடாதே என்று உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

"எதிர்ப்பவர்கள்?" என்று கேட்டார். பழக்கம் கேட்க வைத்தது.

முதல் வரிசை நடுவில் ஒரே ஒரு கை எழுந்தது. அது யாருடைய கை என்று அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"ஒருவர் எதிர்ப்போடு தீர்மானம் நிறைவேறியது," என்றார். குரல் டீக்கடை வரைக்கும்கூடப் போகவில்லை.

அவர்கள் எழுந்தார்கள். மடிகளில் தேங்கிய தண்ணீர் குடம் கவிழ்த்ததுபோல் தரையில் கொட்டியது. முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்கள், ஒருவர் தோளை ஒருவர் பற்றி எழுந்தார்கள், காலை உதறினார்கள், சோம்பல் முறித்தார்கள். வேலைநிறுத்தம் முடிந்தால் தொழிலாளி போகிற இடம் ஒன்றுதான், வாசலுக்குள் போனார்கள். டைம் ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது டிக்கெட் கவுண்டர். அங்கே வந்ததும் ஒவ்வொருவரும் டோக்கனுக்காக இடுப்பில் கைவிட்டுத் தேடிவிட்டு நடந்தார்கள். காவலாளி ஒதுங்கி நின்று, என்ன செய்வதென்று தெரியாமல், சல்யூட் வைத்தார். ரங்காத்தாள் பின்னால் சரிந்தவள் கையை ஊன்றிச் சமாளித்துக்கொண்டு எழுந்தாள். ஒரு முழம் பூவை எடுத்துக்கொண்டு, "இருங், மெதுவாப் போங்க, நானும் வர்றேன்," என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே மழையில் நனைந்து பின்னால் போனாள்.

மருதாசலம் கடைசி ஆள் உள்ளே போகும்வரை தாழ்வாரத்திலேயே நின்றான். பிறகு சாலையைக் கடந்து பெட்டிக்குப் பக்கத்தில் வந்தான்.

"மச்சான், நான் உள்ள போகலாமுங்களா?"

"போ, மாப்ள."

அவன் போனான். அப்புறமும் வந்த விருந்தாளிகள், வெறுந்தரையாகக் கிடந்த வாசலை விட்டுவிட்டு, பழக்கத்தில் தூணோரமாகவே ஒண்டி ஒண்டி உள்ளே போனார்கள். பிறகு அவர்களும் வந்து தீர்ந்தார்கள்.

ஆறுக்குட்டி பெட்டியை விட்டு இறங்கினார். வாசல் முழுக்க மழை நேராகத் தரையில் விழுந்தது, ஒரே ஓர் இடத்தைத் தவிர. அந்தக் கழுத்து வளையவில்லை. கை மட்டும் கீழே இறங்கியிருந்தது.

"தோழர்," என்றார். "பெரும்பான்மை முடிவுக்குச் சிறுபான்மை கட்டுப்படணும்."

அது அசையவில்லை. இதே வார்த்தையை எத்தனையோ பேரிடம் சொல்லி எழுப்பியிருக்கிறார். இவனிடம் அது எடுபடாது என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். இருபக்கமும் தோள் இல்லாமல் உட்கார்ந்திருப்பவனைப் பார்க்க அவருக்குக் கோபமும் வந்தது, பெருமையும் வந்தது, கடைசியில் இரண்டும் போய்க் குளிர்தான் எடுத்தது. பக்கத்தில் உட்காரலாமா என்று யோசித்தார். வேட்டியை மடித்துக்கொண்டு குனியப் போனார்.

"அப்பா."

வெண்மணி குடையோடு வந்திருந்தாள். கழுத்தில் இன்னும் மாலை இல்லை. சேலைக் கரை சேற்றில் இழுபட்டது.

"நம்ம பக்கத்து நாற்காலி எல்லாம் நனைஞ்சு கெடக்குதுப்பா," என்றாள். "எல்லாரும் உக்காந்திருக்காங்க. மாப்பிள்ளை வீட்டுல என்ன பண்றதுன்னு தெரியாம அங்கயும் பன்னீர் தெளிச்சுட்டாங்க. ரங்காத்தா முன்வரிசையில ஒண்ணு புடிச்சு உக்காந்துக்கிச்சு, எந்திரிக்க மாட்டேங்குது. மாமா அழுதுட்டே இருக்காரு. தலைமை தாங்கறவரு மட்டும்தான் வரல."

"இங்க ஒருத்தன் உக்காந்திருக்கான் அம்மிணி."

அவள் பார்த்தாள். மழை அந்தத் தலையில் பட்டுத் தெறித்துக்கொண்டிருந்தது.

"யாருப்பா?"

"நான்தான்."

அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பாவை அந்த வயதில் அவள் பார்த்ததில்லை. பிறகு மெதுவாக, "அவரையும் கூட்டிட்டு வாங்க," என்றாள்.

"வரமாட்டான். எனக்குத் தெரியும்."

"அப்ப நீங்க வாங்க."

"ஒருத்தன் உக்காந்திருந்தாலும் அது மறியல்தான் கண்ணு."

வெண்மணி குடையை அவர் பக்கம் நீட்டிக்கொண்டு, ஸ்கூல் டூரில் நின்றதுபோல, நனைந்துகொண்டே நின்றாள். உள்ளே யாரோ மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. ஆறுக்குட்டி மகளின் கையிலிருந்து குடையை வாங்கி அவள் தலைக்கு மேல் பிடித்தார். தூணோரமாகப் போகவில்லை. நேர்வழியில், உட்கார்ந்திருந்தவனின் முழங்காலில் தம் முழங்கால் உரச, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மறியலைத் தாண்டினார்.

தாண்டியவர் மெதுவாகவே நடந்தார். மருதாசலத்தின் வாசலில் ஒட்டிக்கொண்ட அந்தச் சொல் முதுகில் வந்து விழும் என்று எதிர்பார்த்து நடந்தார். மைக் இல்லாமலே தெருமுனைக்குக் கேட்கும் குரல் அது, அதை அவர் அறிவார். வரவில்லை. திட்டக்கூட இல்லை அவன். கொட்டகை வாசலில் மேளம் எடுக்கும்வரை பின்னால் மழை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வெறுந்தரையில் விழும் மழை அல்ல, ஒரே ஒரு ஆள்மேல் விழும் மழை.